பேசத் தெரியாத குழந்தையிடம் கேள்வி கேட்டவர்: யார் இந்த ராபர்ட் ஃபான்ட்ஸ்?

குழந்தை பிறந்த வீட்டுக்கு கிஃப்ட் வாங்கலாம் என்று ஆன்லைனில் தேடினால், கருப்பு-வெள்ளை அட்டைகள் வரிசையாக வந்து நிற்கும். தடித்த கோடுகள், செஸ் போர்டு கட்டங்கள், வட்டத்துக்குள் வட்டம். குழந்தைக்கு என்றால் கலர் கலராகத்தானே இருக்கணும், இது என்ன இப்படி என்று பலருக்கும் தோன்றும்.

இந்த அட்டைகளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் உழைப்பு இருக்கிறது. பெயர் ராபர்ட் ஃபான்ட்ஸ். அமெரிக்க உளவியலாளர். 1925-ல் பிறந்து 1981-ல் மறைந்தவர். குழந்தை உளவியல் பாடப்புத்தகம் எதைத் திறந்தாலும் ஆரம்பப் பக்கங்களிலேயே வந்துவிடும் பெயர் இது.

அவர் அட்டை விற்றவர் இல்லை. பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தை எதைப் பார்க்கிறது, எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதை அளக்க ஒரு எளிய வழியைக் காட்டியவர். மாதம் நிறையும் முன்பே பிறந்துவிட்ட குழந்தையின் பெற்றோர் மனதைக் குடையும் ஒரு கேள்விக்கு விடை தேடவும் அந்த வழி உதவியது. நம்ம குழந்தை உண்மையிலேயே பின்தங்கியிருக்கிறதா, இல்லை அதற்கான நேரம் இன்னும் வரவில்லையா என்பதுதான் அந்தக் கேள்வி.

கண் திறந்திருக்கும், ஆனால் எதுவும் தெரியாது?

ஃபான்ட்ஸ் மாணவராக இருந்த காலத்தில், பச்சிளம் குழந்தையின் பார்வை பற்றிப் பரவலாக இருந்த கருத்து இதுதான்: வெளிச்சமும் இருட்டும் தெரியும், மற்றதெல்லாம் வெறும் குழப்பம். உருவங்களைப் பிரித்துப் பார்ப்பது பழகப் பழகத்தான் வரும்.

இந்தக் கருத்துக்குப் பழைய வேர் உண்டு. குழந்தையின் மனம் எதுவும் எழுதப்படாத வெற்றுத்தாள் மாதிரி என்பது 17-ம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கின் வழியில் வந்த சிந்தனை. 1890-ல் வெளியான தன் உளவியல் நூலில் அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸும், பிறந்த குழந்தைக்கு இந்த உலகம் ஒரே இரைச்சலும் குழப்பமுமாகத்தான் இருக்கும் என்ற பொருளில் எழுதியிருந்தார்.

வெளியில் இருந்து பார்த்தால் அது சரி என்றுதான் தோன்றும். பிறந்த குழந்தையின் கண்கள் அலைபாயும். சில நேரம் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பாது. கையை நீட்டி எதையும் காட்டாது. கேட்டால் பதில் சொல்லாது. அதனால் அதற்கு எதுவும் தெரியவில்லை என்று முடிவு கட்டுவது ரொம்ப சுலபம்.

குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் நிலைமை இன்னும் கடினம். 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் இன்குபேட்டரில் தாராளமாகக் கொடுக்கப்பட்ட ஆக்ஸிஜன், வளர்ச்சி முடியாத விழித்திரையின் ரத்தக்குழாய்களைப் பாதித்தது. உலகம் முழுக்க சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1950-ல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் அவர்களில் ஒருவர். ஆக்ஸிஜன்தான் முக்கியக் காரணம் என்பது 1950-களின் நடுவில்தான் உறுதியானது. அந்தக் காலத்து டாக்டர்களின் கவலை எல்லாம் இந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான். அந்தக் கண் எதைக் கவனிக்கிறது என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

கோழிக்குஞ்சில் தொடங்கிய கேள்வி

ஃபான்ட்ஸின் முதல் ஆய்வு குழந்தைகளை வைத்து நடந்தது அல்ல. கோழிக்குஞ்சுகளை வைத்து நடந்தது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த எக்கார்ட் ஹெஸ் என்பவருடன் அவர் ஆராய்ச்சி மாணவராக வேலை செய்தார். முட்டையிலிருந்து வெளியே வந்த குஞ்சுகளை இருட்டிலேயே வைத்திருந்து, அவை வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கும் பொருளைக் கொத்துகின்றனவா என்று கவனித்தார். உருண்டையான பொருள், கூரான பொருள், பெரியது, சிறியது என்று சுமார் 100 வகைப் பொருள்கள். 1,000-க்கும் மேற்பட்ட குஞ்சுகள். ஒவ்வொரு கொத்தும் கணக்கில் ஏறியது.

முடிவு தெளிவாக இருந்தது. தானியத்தை ஒரு தடவைகூடப் பார்க்காத குஞ்சு, கூரான பொருளைவிட உருண்டையானதைத்தான் அதிகமாகக் கொத்தியது. அதாவது, வடிவத்தைப் பிரித்து அறியும் திறன் அதற்குப் பிறவியிலேயே இருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை.

கோழிக்குஞ்சு பிறந்த உடனே இரை தேட வேண்டிய ஜீவன். மனிதக் குழந்தையின் கதை வேறு. அதனால் ஃபான்ட்ஸின் அடுத்த நிறுத்தம், மனிதனுக்கு நெருக்கமான ஓர் உயிரினம்.

சிம்பன்சிகள் சொன்ன எச்சரிக்கை

ஃப்ளோரிடா மாகாணம் ஆரஞ்ச் பார்க்கில் இருந்த யெர்க்ஸ் ஆய்வகத்தில் சிம்பன்சிகள் வளர்க்கப்பட்டன. அங்கே ஆஸ்டின் ரீசன் என்ற ஆய்வாளர், பிறந்த சிம்பன்சிக் குட்டிகளைப் பல மாதங்கள் இருட்டில் வளர்த்து, பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருந்தார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத பரிசோதனை அது. வெளியே வந்த குட்டிகளின் பார்வை மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தது.

இதிலிருந்து கிடைத்த பாடம் ஒன்று உண்டு. பார்வையைப் பூட்டி வைத்தால், அது அப்படியே பத்திரமாகக் காத்திருக்காது, கெட்டுவிடும். அதனால் அனுபவம் இல்லாத கண் எப்படி இருக்கும் என்பதை, அனுபவத்தைத் தடுத்து வைத்து அறிய முடியாது. கண் திறந்த உடனேயே, முதல் நாளிலிருந்தே சோதிக்க வேண்டும்.

ரீசனுடன் வேலை செய்த ஃபான்ட்ஸ் அங்கே சிம்பன்சிக் குட்டிக்காக ஒரு சோதனைத் தொட்டிலைப் பயன்படுத்தினார். குட்டி மல்லாந்து படுத்திருக்கும். மேலே இரண்டு பொருள்கள் தொங்கும். எதை அதிக நேரம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்வது மட்டும்தான் வேலை. இதே முறையை மனிதக் குழந்தைக்கும் பயன்படுத்தலாம் என்பது அவருக்குப் புரிந்தது. ஒஹாயோ மாகாணம் கிளீவ்லேண்டில் உள்ள வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு, அவருடைய வேலை முழுக்கக் குழந்தைகளின் பக்கம் திரும்பியது.

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்தது?

ஃபான்ட்ஸின் சோதனை அறை, பெரிய தொட்டிலை மூடிய பெட்டி மாதிரி இருக்கும். குழந்தை உள்ளே வசதியாக மல்லாந்து படுத்திருக்கும். சுற்றிலும் கவனத்தைக் கலைக்கும் படமோ பொருளோ கிடையாது. முகத்துக்கு நேர் மேலே, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு துளை. அதன் வழியாக ஆய்வாளர் குழந்தையின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எதைப் பார்க்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம் எதிரே இருப்பவரின் கண்ணை உற்றுப் பார்த்தால், அதில் ஜன்னலோ விளக்கோ குட்டியாகத் தெரியுமே, அதே விஷயம்தான். குழந்தையின் கண்ணிலும் மேலே தொங்கும் படங்கள் குட்டியாகப் பிரதிபலிக்கும். எந்தப் படத்தின் பிம்பம் கண்மணிக்கு நேராக வந்து நிற்கிறதோ, குழந்தை அதைத்தான் பார்க்கிறது. உடனே அந்தப் படத்துக்கான டைமரை அழுத்த வேண்டும். கண் நகர்ந்தால் நிறுத்த வேண்டும்.

இதில் இருக்கும் தர்க்கம் எளிமையானது. இரண்டு படங்களும் குழந்தைக்கு ஒரே மாதிரி தெரிந்தால், இரண்டையும் ஏறக்குறைய சம நேரம்தான் பார்க்கும். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப அதிக நேரம் பார்த்தால், இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறது என்று அர்த்தம். குழந்தை வழக்கமாக ஒரே பக்கம் திரும்பிப் படுக்கும் பழக்கம் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்பதால், படங்களை இடம் வலமாக மாற்றி மாற்றி வைத்தார்கள்.

வயர் இல்லை, ஊசி இல்லை, குழந்தையை அழவைக்கத் தேவையில்லை. பேச்சு வராத குழந்தையிடம் கேள்வி கேட்டு, பதிலையும் வாங்கிக்கொள்ளும் முறை இது. உளவியலில் இதை விருப்பப் பார்வை முறை என்று சொல்வார்கள்.

குழந்தைகள் கொடுத்த பதில்

1 வாரம் முதல் 15 வாரம் வரையிலான 30 குழந்தைகளை வாராவாரம் சோதித்தார் ஃபான்ட்ஸ். ஒரே மாதிரியான இரண்டு முக்கோணங்களைக் காட்டியபோது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வெறும் சதுரத்தையும் செஸ் போர்டு கட்டத்தையும் காட்டினால், குழந்தைகளின் பார்வை கட்டத்தின் பக்கம் போனது. நேர்க்கோடுகளுக்கும் வட்டத்துக்குள் வட்டத்துக்கும் நடந்த போட்டியில், சுமார் 8 வாரத்தைத் தாண்டிய குழந்தைகள் வட்டங்களின் பக்கம் சாய்ந்தார்கள். வயது கூடக் கூட ரசனையும் மாறுகிறது என்பதற்கு இது முதல் தடயம்.

பார்வை எவ்வளவு கூர்மை என்பதையும் இதே முறையில் அளந்தார். ஒரு பக்கம் சாம்பல் நிற அட்டை, இன்னொரு பக்கம் கோடு போட்ட அட்டை. கோடுகளை மெலிதாக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் குழந்தைக்குக் கோடும் சாம்பலாகத்தான் தெரியும். அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் சாயாது. 10 அங்குலத் தூரத்தில், அதாவது சுமார் 25 சென்டிமீட்டரில், ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைகளால் 8-ல் ஒரு பங்கு அங்குலக் கோட்டைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. 6 மாதத்தில் அது 64-ல் ஒரு பங்கு அங்குலம் வரை போனது.

இதெல்லாம் சில வாரம் உலகத்தைப் பார்த்துப் பழகிய குழந்தைகள்தானே என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு 1963-ல் சயின்ஸ் இதழில் வெளியான அவருடைய கட்டுரை பதில் சொன்னது. சோதிக்கப்பட்ட 18 குழந்தைகளும் பிறந்து 5 நாளைத் தாண்டாதவர்கள். அதில் மிகச் சிறியது பிறந்து 10 மணி நேரமே ஆனது. முகம் வரைந்த வட்டு, அச்செழுத்து உள்ள வட்டு, வட்டத்துக்குள் வட்டம், பிறகு வெறும் வெள்ளை, மஞ்சள், சிவப்பு வட்டுகள் என மொத்தம் 6. பளிச்சென்ற நிறங்களைவிட, கருப்பு-வெள்ளை உருவம் உள்ளவற்றைத்தான் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன.

இன்று ஆன்லைனில் விற்கும் அட்டைகளின் பூர்வீகம் இந்த மாதிரி சோதனைகள்தான். ஆனால் ஒரு விஷயம் கவனிக்கணும். இந்தப் படங்கள் அளவுகோலாகத்தான் பயன்பட்டன. இவற்றைக் காட்டினால் குழந்தை புத்திசாலியாக வளரும் என்று இந்தச் சோதனைகள் எதுவும் சொல்லவில்லை.

பார்த்ததையே பார்த்தால் போரடிக்கும்

அடுத்த வருடமே இன்னொரு முக்கியமான முடிவு வந்தது. 6 வாரம் முதல் 25 வாரம் வரையிலான 28 குழந்தைகள். பத்திரிகைகளில் வந்த படங்கள் ஜோடி ஜோடியாகக் காட்டப்பட்டன. ஒரு படம் ஒவ்வொரு முறையும் அதேதான். பக்கத்தில் இருப்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

2 மாதம் தாண்டிய குழந்தைகள் மெல்ல மெல்லப் பழைய படத்தைப் பார்ப்பதைக் குறைத்து, புதியதின் பக்கம் திரும்பின. அதைவிடச் சின்னக் குழந்தைகளிடம் இந்த மாற்றம் தெரியவில்லை.

பழைய படம் போரடிக்கிறது என்றால், அதை முன்பு பார்த்தது நினைவில் இருக்க வேண்டும். ஆக, குழந்தையின் பார்வையை அளக்கும் முறை இப்போது அதன் ஞாபகத்தையும் அளக்கத் தொடங்கியது. கிளீவ்லேண்டில் அவருடன் வேலை செய்த ஜோசப் ஃபேகன் பின்னாளில் தன் ஆராய்ச்சி வாழ்க்கையையே இந்தப் பாதையில் கொண்டுபோனார்.

குறைமாதக் குழந்தை: இரண்டு கடிகாரங்கள்

இதுவரை வந்த முடிவுகள் ஒரு பெரிய கேள்வியை விட்டுவைத்தன. 2 மாதத்தில் ரசனை மாறுகிறது, ஞாபகம் எட்டிப் பார்க்கிறது. சரி, ஏன் 2 மாதத்தில்? 2 மாதம் உலகத்தைப் பார்த்துப் பழகியதாலா? இல்லை, மூளையும் விழித்திரையும் தம் போக்கில் வளர்ந்து அந்தக் கட்டத்தை எட்டியதாலா?

நிறைமாதக் குழந்தைகளை மட்டும் வைத்து இதைப் பிரிக்கவே முடியாது. அவர்கள் விஷயத்தில் வயதும் அனுபவமும் ஒன்றாகத்தான் ஏறும். இருட்டில் வளர்க்கும் வழியும் கிடையாது. சிம்பன்சிகளிடம் கற்ற பாடம் அது. மனிதக் குழந்தையிடம் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

ஆனால் ஒரு கூட்டம் குழந்தைகளிடம் இந்த இரண்டும் தானாகவே பிரிந்திருந்தன. அவர்கள்தான் குறைமாதக் குழந்தைகள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். முதல் குழந்தை 40 வாரத்தில் பிறந்து, இன்று 4 வாரம் ஆகிறது. கர்ப்பக் காலத்தையும் சேர்த்தால் மொத்தம் 44 வாரம். இரண்டாவது குழந்தை 32 வாரத்திலேயே பிறந்துவிட்டது. இன்று 12 வாரம் ஆகிறது. அதற்கும் மொத்தம் 44 வாரம்தான். கர்ப்பத்திலிருந்து ஓடும் கடிகாரம் இருவருக்கும் ஒன்று. பிறப்பிலிருந்து ஓடும் கடிகாரத்தில் மட்டும் இரண்டாவது குழந்தை 8 வாரம் முன்னால் இருக்கிறது. வெளிச்சம், முகம், அசைவு என 8 வாரம் கூடுதலாக உலகத்தைப் பார்த்திருக்கிறது.

பார்வைக் கவனம் அனுபவத்தால் மட்டுமே வளர்கிறது என்றால், இரண்டாவது குழந்தை முன்னால் இருக்கணும். உடலின் வளர்ச்சியால் என்றால், இருவரும் சமமாக இருக்கணும்.

1970-களில் ஃபான்ட்ஸும் அவருடைய சகாக்களும் இந்தக் கணக்கைத்தான் சோதித்தார்கள். பிரசவத் தேதி என்று டாக்டர் குறித்த நாளே இன்னும் வராத குறைமாதக் குழந்தைகள்கூட, வெறும் பரப்பைவிட உருவங்களைத் தேர்ந்து பார்த்தன என்பதை மிராண்டா என்ற சக ஆய்வாளரின் 1970-ம் ஆண்டு ஆய்வு காட்டியது. 1975-ல் ஃபான்ட்ஸும் ஃபேகனும் சேர்ந்து, நிறைமாத, குறைமாதக் குழந்தைகள் முதல் 6 மாதங்களில் படத்தின் நுணுக்கங்களை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று ஒப்பிட்டு வெளியிட்டார்கள். படத்தில் இருக்கும் கூறுகளின் அளவு முக்கியமா, எண்ணிக்கை முக்கியமா என்பதில் குழந்தைகளின் ரசனை மாதாமாதம் மாறும். அந்த மாற்றம் பிறந்த தேதியோடு பொருந்தியதைவிட, கர்ப்பத்திலிருந்து எண்ணிய வயதோடுதான் அதிகம் பொருந்தியது.

எளிமையாகச் சொன்னால், சீக்கிரம் பிறந்துவிட்டதால் அந்தக் குழந்தையின் பார்வைக் கவனம் சீக்கிரம் வளர்ந்துவிடவில்லை. அதே சமயம், அந்தந்தக் கட்டத்தை அது தன் கணக்குப்படிதான் எட்டியது. காலண்டர் கணக்குப்படி பார்த்தவர்களுக்கு மட்டும் அது பின்தங்கியதாகத் தெரிந்தது.

3 மாதம் ஆகியும் என் குழந்தை மொபைல் பொம்மையைச் சரியாகப் பார்க்க மாட்டேங்குது என்று பயப்படும் பெற்றோருக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2 மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை என்றால், 3 மாதத்தில் அதை 1 மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். இன்று உலகம் முழுக்கக் குழந்தைகள் நல டாக்டர்கள் குறைமாதக் குழந்தைக்குத் திருத்தப்பட்ட வயது என்று ஒன்றைக் கணக்கிடுவது இதனால்தான். பிறந்த பிறகான வயதிலிருந்து, எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அதைக் கழித்துவிடுவார்கள். பொதுவாக 2 வயது வரை இந்தக் கணக்கு தொடரும். இது ஃபான்ட்ஸ் ஒருவரின் கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் பார்வைக் கவனத்தில் அந்தக் கணக்கு ஏன் நியாயமானது என்பதற்கு அளந்து காட்டிய ஆதாரம் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

எல்லாம் தானாகச் சரியாகிவிடுமா?

இல்லை. இந்த இடத்தில் கதை கொஞ்சம் சிக்கலாகிறது.

பிறகு வந்த ஆய்வுகள், வயதைத் திருத்தியே ஒப்பிட்டாலும் சில வித்தியாசங்கள் மிஞ்சுவதைக் காட்டின. 1980-களில் சூசன் ரோஸ் என்ற ஆய்வாளர், 6 மாதக் குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு படம் பழகுவதற்கு நிறைமாதக் குழந்தைகளைவிட அதிக நேரம் தேவைப்படுவதைக் கண்டார். பார்க்கும் நேரத்தைக் கூட்டிக் கொடுத்தால் அவர்களும் புதிய படத்தை அடையாளம் கண்டார்கள். அதாவது திறன் இருந்தது, வேகம்தான் குறைவு. மூச்சுத்திணறல், மூளையில் ரத்தக்கசிவு போன்ற பாதிப்புகளைச் சந்தித்த குழந்தைகளுக்கு இந்த வித்தியாசம் இன்னும் கூடுதலாக இருக்கலாம்.

இப்படி ஆபத்தைத் தாண்டி வந்த குழந்தைகளின் எதிர்காலத்தைப் பார்வையை வைத்து முன்கூட்டியே கணிக்க முடியுமா என்ற கேள்வி ஃபான்ட்ஸையும் ஈர்த்தது. மார்ஷல் கிளாஸ் உள்ளிட்ட கிளீவ்லேண்ட் டாக்டர்களோடு சேர்ந்து அவர் பங்கெடுத்த ஆய்வு ஒன்று 1977-ல் வெளியானது. ஃபேகன் பின்னாளில், புதியதைத் தேடும் பார்வையை வைத்து ஒரு தேர்வையே உருவாக்கினார். குழந்தைப் பருவத்தில் புதியதைத் தேடுவதற்கும், பின்னாள் அறிவுத்திறன் மதிப்பெண்ணுக்கும் ஓரளவு தொடர்பு தெரிந்தது. ஓரளவுதான். நூறு குழந்தைகளின் போக்கைச் சொல்லும் ஓர் அளவை வைத்து, ஒரு குழந்தையின் தலையெழுத்தை எழுதிவிட முடியாது.

இதே முறையில் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளையும் ஃபான்ட்ஸும் மிராண்டாவும் 1970-களில் சோதித்தார்கள். மற்ற குழந்தைகளைவிடத் தாமதமாக வந்தாலும், பழைய படத்தை நினைவில் வைத்துப் புதியதைத் தேடும் திறன் அவர்களிடமும் வந்தது. இவர்களுக்கு எதுவும் புரியாது என்று ஒதுக்கிவைக்கப்பட்ட காலத்தில் வந்த முடிவு இது.

ஃபான்ட்ஸ் எங்கே சறுக்கினார்?

முகம் விஷயத்தில் அவர் சொன்னது முழுதாக நிலைக்கவில்லை. 4 நாள் முதல் 6 மாதம் வரையிலான 49 குழந்தைகளுக்கு, தலை அளவில் 3 உருவங்களைக் காட்டினார். ஒன்றில் சரியான முகம். இன்னொன்றில் கண், மூக்கு, வாய் எல்லாம் இடம் மாறிக் கலைந்திருக்கும். மூன்றாவதில் ஒரு ஓரத்தில் வெறும் கருப்புத் திட்டு. சரியான முகம்தான் அதிகக் கவனம் பெற்றது என்றார்.

ஆனால் சரியான முகத்துக்கும் கலைந்த முகத்துக்கும் இடையே இருந்த வித்தியாசம் சிறியது. அடுத்து வந்த ஆய்வாளர்கள் சிலருக்கு அந்த வித்தியாசமே கிடைக்கவில்லை. முகம் என்பதற்காகப் பார்க்கிறதா, நிறையக் கோடும் நிழலும் இருப்பதால் பார்க்கிறதா என்ற விவாதம் பல வருடம் ஓடியது. படத்தை அசையாமல் வைப்பதற்குப் பதில் மெல்ல நகர்த்திப் பார்த்த 1975-ம் ஆண்டு ஆய்வு ஒன்றில், பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைகள் முகம் போன்ற உருவத்தை அதிக தூரம் கண்ணால் பின்தொடர்ந்தன. ஃபான்ட்ஸ் போன திசை தப்பில்லை, அவருடைய ஆதாரம்தான் போதவில்லை என்பது அதன் பிறகுதான் தெளிவானது.

முறையிலேயே ஒரு வரம்பும் உண்டு. குழந்தை ஒன்றை அதிகம் பார்த்தால், வித்தியாசம் தெரிகிறது என்று சொல்லலாம். ஆனால் இரண்டையும் சமமாகப் பார்த்தால், வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டுமே அதற்குப் பிடித்திருக்கலாம். தூக்கம் வந்திருக்கலாம். பசித்திருக்கலாம்.

அவருக்குப் பிறகு

ஃபான்ட்ஸ் 1981-ல் மறைந்தார். அதே ஆண்டில்தான், மூளை பார்வைத் தகவலை எப்படிக் கையாள்கிறது என்று பூனைகளிடமும் குரங்குகளிடமும் ஆராய்ந்த டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கோடுகளையும் விளிம்புகளையும் அறியும் நரம்புச் செல்கள் இருக்கின்றன என்றும், தொடக்க காலத்தில் பார்வை அனுபவம் கிடைக்காவிட்டால் அந்த அமைப்பு கெட்டுப்போகும் என்றும் அவர்கள் காட்டியிருந்தார்கள். தொட்டிலுக்கு மேலே இருந்த துளை வழியாக ஃபான்ட்ஸ் வெளியில் இருந்து பார்த்ததை, அவர்கள் மூளைக்கு உள்ளே இருந்து பார்த்தார்கள் என்று சொல்லலாம்.

அவருடைய முறை மருத்துவமனைக்கும் வந்து சேர்ந்தது. டேவிடா டெல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதை இன்னும் கச்சிதமாக்கினார். அவர் பெயரிலேயே உள்ள டெல்லர் அட்டைகள், சாம்பல் நிறப் பின்னணியில் ஒரு பக்கம் மட்டும் கோடுகள் கொண்டவை. நடுவில் ஒரு சிறு துளை. எழுத்து படிக்கத் தெரியாத குழந்தையின் பார்வைக் கூர்மையைக் கண் டாக்டர்கள் இன்றும் இவற்றை வைத்து அளக்கிறார்கள். இப்போது குழந்தை ஆய்வகங்களில் இருக்கும் ஐ-டிராக்கர் கருவிகளிலும் அடிப்படை மாறவில்லை. கண்ணில் விழும் ஒளிப் பிரதிபலிப்பு கண்மணிக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. அன்று மனிதர் அழுத்திய டைமரின் வேலையை இன்று அகச்சிவப்புக் கேமராவும் கம்ப்யூட்டரும் செய்கின்றன.

பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

முதலாவது, பிறந்த குழந்தைக்குப் பார்வை மங்கல்தான், ஆனால் அது குருடு அல்ல. ஒரு சாண் தூரத்தைக் கொஞ்சம் தாண்டி இருக்கும் உங்கள் முகம் அதற்கு நல்ல காட்சி. தலைமுடியின் ஓரம், கண், வாய் என்று இருளும் வெளிச்சமும் கலந்தது அது. அசையவும் செய்கிறது, பேசவும் செய்கிறது. கடையில் வாங்கும் அட்டை இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

இரண்டாவது, குறைமாதக் குழந்தையைப் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு பிறந்த தேதி வைத்து ஒப்பிடாதீர்கள். திருத்தப்பட்ட வயதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, பொறுத்திருப்பது வேறு, பரிசோதனையைத் தள்ளிப்போடுவது வேறு. குறைமாதக் குழந்தைக்குச் சொல்லப்பட்ட தேதியில் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் நடக்க வேண்டும். சில வாரம் தாமதித்தாலும் பார்வையே போகும் அபாயம் உண்டு. திருத்தப்பட்ட வயதில் 3 மாதம் ஆகியும் முகத்தைப் பார்க்கவில்லை, நகரும் பொருளைக் கண்ணால் பின்தொடரவில்லை என்றால் கண் டாக்டரைப் பார்ப்பது அவசியம். அவர் பையில் இருந்து எடுக்கும் சாம்பல் நிறக் கோட்டு அட்டையில், ஃபான்ட்ஸ் தொட்டிலுக்கு மேலே வைத்த அதே கேள்விதான் இருக்கும்: இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?